சாவியை நான் கொடுக்கவில்லை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் சுகம், என் சட்டைதான் சுகமில்லை, அதை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்பது உன் அம்மாவின் சட்டம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் எங்களைப்போலவே சுகமாக, ஆனால் நல்ல வாசனையோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் நீ அழுததும் போனை உன் அம்மா கையில் கொடுத்துவிட்டேன். கடிதமென்றால் நீ குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

சாவியைக் கொடுத்துவிட்டு எங்களோடு வந்து இருங்கள், இந்த வயதில் ஊர்க் கழிவுநீருக்குக் காவல் எதற்கு என்று கேட்டாய். நடந்ததை முழுசாகக் கேள் கண்ணு. நான் காவல் பார்க்கும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்க்க அதிகாரி வருகிறார் என்றதும் ஊருக்கே ரோஷம் வந்துவிட்டது. உன் அம்மா வீடு வீடாகப் போய், கக்கூஸ் பளபளக்கணும், நம்ம மானம் போகக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்தாள். ஒரு வீடு பாக்கியில்லாமல் பிளீச்சிங் பவுடரும் பினாயிலும் ஊற்றித் தேய்த்தார்கள். நான் சும்மா இருப்பேனா, எட்டாம் வகுப்பை இரண்டு தடவை ஆழ்ந்து படித்தவன் ஆயிற்றே, என் பங்குக்கு ஒரு மூட்டை பவுடரை நிலையத்துத் தொட்டியிலேயே கொட்டினேன். கழிவைத் தின்று தண்ணீரைத் தெளியவைப்பதே அந்தத் தொட்டியிலிருக்கும் கிருமிகள்தான். அவ்வளவும் செத்துப்போயின. பந்தி போடும் நேரத்தில் சமையல்காரர்களை அடித்து விரட்டிய கதை. அதிகாரியாவது சொன்ன நாளில் வந்தாரா, ஒரு வாரம் கழித்து வந்தார், அதற்குள் கிளம்பியிருந்த நாற்றத்தில் மூக்கில் வைத்த கைக்குட்டையைக் கடைசிவரை அவர் எடுக்கவில்லை.

இதெல்லாம் உங்க ஊருக்குச் சரிப்படாது, வால்வைத் திறந்து எல்லாத்தையும் நேரா ஓடையில விடுங்க, பெரிய திட்டம் வரும்போது பார்த்துக்கலாம் என்றார். எப்போது வரும் என்றேன். வரும்போது வரும் என்றார். அந்த ஓடை எங்கே போகிறது, உன் அத்தை வீட்டுப் பின்வாசலுக்கு. அவள் பேரப்பிள்ளைகள் நாள் முழுக்க அதில்தான் குதித்துக் கிடக்கிறார்கள். அக்கா, எங்க ஊர் சார்பா அனுப்பியிருக்கோம், வாங்கிக்கோ என்றா அவளிடம் சொல்வேன்? திறக்க முடியாது என்றேன். வால்வுப் பூட்டுச் சாவியைக் கொடு, இனி உனக்கு வேலையில்லை என்றார். வேலையை எடுத்துக்குங்க, சாவி என் இடுப்புல இருக்கு, அதை எடுக்கணும்னா முதல்ல மூக்கிலிருந்து கையை எடுங்க என்றேன். ஊரே சிரித்துவிட்டது. கொஞ்சம் அதிகம்தான், ஆனால் சொன்ன பிறகு சாப்பாடு நன்றாக இறங்கியது.

இப்போது பக்கத்து ஊர்த் தொட்டியிலிருந்து கிருமிகள் உயிரோடிருக்கும் சேற்றைப் பால் கேன்களில் கொண்டுவந்து கொட்டியிருக்கிறோம். கேன்களைத் திருப்பித் தரவே வேண்டாம் என்று பால்காரர் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். உன் அம்மா மறுபடியும் வீடு வீடாகப் போகிறாள், எவளாவது பிளீச்சிங் பவுடரைத் தொட்டா தொலைச்சிடுவேன் என்று. இன்று காலை தொட்டியில் நுரை கட்டியிருக்கிறது, கிருமிகள் வேலையைத் தொடங்கிவிட்ட அடையாளம் அது, நாற்றமும் குறைகிறது. திங்கட்கிழமை அதிகாரி ஆட்களோடு வந்து பூட்டை உடைப்பாராம். அதற்குள் தண்ணீர் தெளியுமா, தெரியாது. தெளியாவிட்டாலும் வால்வுக்கு மேல் நாற்காலி போட்டு உட்காருவேன். உன் அம்மாவும் பக்கத்தில் ஒன்று போடச் சொல்லியிருக்கிறாள், மெத்தை வைத்து. விஷயம் தெரிந்து உன் அத்தை நேற்றே வந்துவிட்டாள், முட்டாளே, தொட்டியில யாராவது பவுடர் கொட்டுவாங்களா என்று ஒரு மணி நேரம் திட்டினாள். திட்டி முடித்ததும்தான் பார்த்தேன், தன் நாற்காலியைக் கையோடு கொண்டுவந்திருக்கிறாள்.

ஆகவே உன்னைப் பார்க்க வருவேன் அம்மா, ஒளிந்துகொள்ள வரமாட்டேன். அழாதே. நீங்கள் மூவரும் ஒரு குறையுமில்லாமல் நிறைவாக இருக்கவேண்டும், அதுதான் எங்கள் ஆசி. மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். உன் வீட்டுக் கழுவு தொட்டியில் கண்டதையும் ஊற்றாதே. அந்தத் தண்ணீரும் யாரோ ஒரு அத்தை வீட்டுக்குத்தான் போகிறது.

இப்படிக்கு,
சாவியை இடுப்பிலேயே வைத்திருக்கும்
உன் அப்பா