சூளை திறக்கும் முன்பே சொல்லிவிட்டேன்

என் அன்பு மலரப்பாவுக்கு,

நல்லா இருக்கீங்களா என்று கேட்டால் சிரிப்பீர்கள். பழக்கதோஷம், கேட்டுவிட்டேன். இங்கே நானும் மலரும் நலம். விருத்தாசலம் வெயில்தான் மண்டையைப் பிளக்கிறது.

ஒரு சேதி சொல்லவேண்டும். போன வாரம் இன்டர்வியூவுக்குப் போனேன். ஆமாங்க, நானேதான்! பதினோரு வருஷமாகத் தினக்கூலிக்குக் கப்பும் சாஸரும் தரம் பிரிக்கிறேனே, அந்த வேலைக்கே சூப்பர்வைசர். ஊருக்கு வெளியே புதிதாக வந்திருக்கும் பீங்கான் கம்பெனி. நிரந்தர வேலை. நீங்கள் போனபிறகு இந்த இரண்டு வருஷமும் மலரின் படிப்பை எப்படியோ இழுத்துப் பிடித்துவிட்டேன். பிளஸ் டூ முடிக்கப் போகிறாள், அடுத்தது காலேஜ். கூலியை நம்பி எப்படிச் சேர்ப்பது? இந்த வேலை கிடைத்தே ஆகவேண்டும்.

மலர்தான் ஒரு வாரம் உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தாள். "இதைக் கட்டாயம் கேப்பாங்கம்மா. அஞ்சு வருஷம் கழிச்சு நீங்க எங்க இருப்பீங்க?"

"எங்க இருப்பேன்? இதே வூட்லதான், உனக்குச் சோறாக்கிக்கிட்டு."

தலையில் அடித்துக்கொண்டாள். 'உங்கள் நிறுவனத்தோடு சேர்ந்து நானும் வளர விரும்புகிறேன்' என்று சொல்லவேண்டுமாம். அடுப்படியிலும் பஸ்ஸிலும் அதையே முணுமுணுத்தேன். பக்கத்து சீட்டுக்காரி நான் ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று தள்ளி உட்கார்ந்தாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். சென்னையிலிருந்து வந்த ஒரு பெண், நம் மலரைவிட ஐந்தாறு வயது கூட இருப்பாள். பக்கத்தில் தலை நரைத்த மேனேஜர். வேலையைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் வெளுத்து வாங்கினேன். ஒரு கப்பை நீட்டினார்கள். விரலால் தட்டினேன். "சத்தம் சரியில்லைங்க, உள்ள கீறல் இருக்குது" என்றேன். மேனேஜர் தலையாட்டினார்.

அப்புறம் அந்தப் பெண், மலர் சொன்ன அதே கேள்வியைக் கேட்டாள். வாயைத் திறந்தேன். என்ன வந்தது தெரியுமா?

"சூளை தொறந்தாத்தாங்க தெரியும்."

எல்லாம் உங்களால் வந்த வினை! சூளையில் தீ பார்க்கிறவருக்குப் பெண்டாட்டியாகப் பதினெட்டு வருஷம் இருந்தால் வேறு என்ன வரும்? சூளையில் தீ வைத்தது முதல் ஆறித் திறக்கும்வரை நாளையைப் பற்றிப் பேசக் கூடாது, பேசினால் சரக்கு வெடித்துவிடும் என்பீர்கள். உங்களுக்கோ ஒன்று ஆறுவதற்குள் அடுத்தது எரியும். வீடு கட்டலாமா, மலரை எந்த ஸ்கூலில் போடலாம், எதைக் கேட்டாலும் "தொறக்கட்டும் பாப்போம்". நாம் நாளையைப் பற்றி எப்போதுதான் பேசினோம்?

அந்தப் பெண் பேனாவை மூடி வைத்தாள். போச்சுடா என்று நினைத்தேன். மேனேஜர் மட்டும் சிரித்தார். "எங்கப்பாவும் சூளையிலதாம்மா இருந்தாரு. பரவால்ல, தொறக்கறதுக்கு முன்னாடியே சொல்லுங்க."

அப்போது உங்கள் முகம்தான் வந்தது. கடைசியாக வேலைக்குக் கிளம்பிய அன்று, செருப்பை மாட்டிக்கொண்டே, "ஒண்ணு நெனச்சி வச்சிருக்கேன், சூளை தொறந்ததும் சொல்றேன்" என்றீர்களே. திறப்பதற்குள் நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோய்விட்டது. அது என்னங்க? என்னதான் நினைத்து வைத்திருந்தீர்கள்? சரக்கு மட்டும் ஒரு கீறல் இல்லாமல் வந்ததாம். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அந்தக் கோபத்திலேயே சொல்லிவிட்டேன். "அஞ்சு வருஷத்துல நான் சூளைக்குப் பொறுப்பா இருக்கணுங்க. எங்க வூட்டுக்காரர் பாத்த வேலை. பொம்பளைங்கள அங்க விட மாட்டாங்க, தெரியும். ஆனா எனக்கு ரொம்ப நாளா ஆசைங்க."

இப்படி ஓர் ஆசை எனக்கு இருந்தது உங்களுக்கே தெரியாது. நீங்கள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை, அது என் தப்பு.

நேற்று போன் வந்தது. வேலை கிடைத்துவிட்டதுங்க! திங்கட்கிழமை சேரவேண்டும். சூளையைப் பற்றிக் கேட்டதற்கு, "மொதல்ல இதைப் பாருங்க, அப்புறம் பேசலாம்" என்றார் மேனேஜர். பேசலாம் என்றதே பெரிசு இல்லையா?

சந்தோஷத்தில் கேசரி கிண்டினேன். சாப்பிடும்போது மலரிடம் கேட்டேன். "நீ அஞ்சு வருஷத்துல எங்கடி இருப்ப?"

எடுத்த கை அப்படியே நின்றது. "திட்ட மாட்டியே?"

"சொல்லு."

"இந்த ஊர்ல இருக்க மாட்டேம்மா. கப்பல் என்ஜின் படிக்கணும். கப்பல்லயே வேலைக்குப் போவணும்."

கப்பலாம்! மணிமுத்தாற்றில் முழங்கால் தண்ணீர் பார்த்து வளர்ந்தவள். அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கினேன். "எங்க போய்ப் படிக்கணும்? முழுசா சொல்லு" என்றேன். ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசினாள். அவளுக்குள் இவ்வளவு பேச்சு இருந்தது நமக்குத் தெரியவே தெரியாதுங்க.

ஒன்று சத்தியமாகச் சொல்கிறேன். அவளை நானே ஜங்ஷனுக்குக் கூட்டிப்போய் ரயிலேற்றிவிடுவேன். அழமாட்டேன் என்று மட்டும் சத்தியம் செய்ய என்னால் முடியாது.

உங்கள் மனைவி, மலரின் அம்மா,
தனம்