கண்ணாடிக்குள் தெரிகிறவன்

1984 ஜூன் 18, திங்கள்

தல்லாகுளம் பாங்கு வாசலில் பகல் முழுக்க நின்றேன். தோளில் இரட்டைக்குழல். ரிட்டயர் ஆனதிலிருந்து இதுதான் வேலை. இந்தத் துப்பாக்கி ஒருநாளும் வெடிக்கப்போவதில்லை என்று எனக்கும் தெரியும், பாங்குக்கு வருகிறவர்களுக்கும் தெரியும். பட்டாளத்தில் சுடக் கற்றுக்கொடுத்த ஹவில்தார் சோணை, இப்போது கதவு திறந்துவிடுகிறவன்.

சாயந்திரம் காளவாசலில் மொக்கையனின் டயர் கடைக்குப் போனேன். என்னோடு பட்டாளத்தில் இருந்தவன். வெளியே கூட்டிக்கொண்டு வந்து மெதுவாகச் சொன்னான்.

"அண்ணே, சிலோன் பயலுக கொஞ்சப் பேரு வந்திருக்காங்க. கையில துப்பாக்கி இருக்கு, சுடத் தெரியல. நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்."

"யாரு அனுப்பிச்சா?"

"அதெல்லாம் கேக்காதீங்கண்ணே."

போன ஆடியில் கொழும்பில் நடந்ததைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. மண்டபம் முகாமில் வந்து இறங்கிய அகதிச் சனங்களை நேரில் போய்ப் பார்த்தவன் நான். வாரேன் என்றேன்.

ஜூலை 8, ஞாயிறு

நாகமலைக்குப் பின்னால் கைவிட்ட கல்குவாரி. முப்பது பேர் இருப்பார்கள். என்னை 'மாஸ்டர்' என்கிறார்கள். எல்லாருக்கும் இயக்கம் வைத்த பெயர். சொந்தப் பெயரைக் கேட்கக் கூடாதாம்.

ஒரு பெட்டியில் இரண்டு துப்பாக்கி தனியாக, மேலே டெலஸ்கோப் பொருத்தியது. பட்டாளத்தில் நான் பழகியதைவிடப் புதுசு. கண்ணில் வைத்தேன். நானூறு கஜம் தள்ளி ஒரு வேலிமரம். அதில் உட்கார்ந்திருந்த கரிச்சானின் வால் தெரிந்தது. இறக்கி வைக்க மனசு வரவில்லை.

முதல் நாளே பாதிப் பேருக்குப் புருவத்தில் ரத்தம். கண்ணைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்தால், துப்பாக்கி உதைக்கும்போது விளிம்பு கிழித்துவிடும். சொன்னேன், கேட்கவில்லை. ஒருத்தன் மட்டும் சொன்னபடி தள்ளி வைத்துச் சுட்டான். காந்தன். ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராம்.

ஆகஸ்ட் 26

உச்சி வெயில். குவாரித் தரையில் கானல் ஓடுகிறது. கண்ணாடிக்குள் குறி தண்ணீரில் மிதப்பதுபோல் ஆடுகிறது.

"அப்ப கண்ணை நம்பக் கூடாது, என்ன மாஸ்டர்?" என்றான் காந்தன்.

"கானல் எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாரு. காத்து அந்தப் பக்கம். அதுக்குத் தக்கன தள்ளிப் பிடி."

மூன்று குண்டு சுட்டான். மூன்றையும் ஒரு உள்ளங்கையால் மூடிவிடலாம். எத்தனையோ பேருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன், இப்படி ஒரு கையைப் பார்த்ததில்லை.

நவம்பர் 18

காந்தன் கேட்டான்: "ஆமி வரிசையா வருது மாஸ்டர். ஆரை முதல்ல சுட வேணும்?"

யோசிக்கவே இல்லை. வயர்லெஸ் தூக்கி வருகிறவனை என்றேன். அவன் விழுந்தால் உதவி வராது. அடுத்து, அவனை ஒட்டி நடக்கிறவன். அவன்தான் அதிகாரி. சொல்லிவிட்டு நிமிர்ந்தால் அத்தனை பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பெருமையாக இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும் – இருந்தது.

1985 பிப்ரவரி 3

போய்விட்டார்கள். குவாரியில் வெற்றுத் தோட்டாக்கள்கூட இல்லை, பொறுக்கிவிட்டார்கள். காந்தன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கட சனம் உங்களை மறக்காது மாஸ்டர்" என்றான்.

திரும்பும் வழியெல்லாம் மொக்கையன் பேசிக்கொண்டே வந்தான். நான் குவாரியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

1986 மே 25

மகள் அன்னக்கொடி கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை வேறு யாருமில்லை, என் அக்கா ஒச்சம்மாள் மகன் கருப்புதான். என் பழைய ரெஜிமென்டில் நாயக். நான்தான் ஆள் எடுப்புக்குக் கூட்டிப்போய் நிறுத்தினேன். வீடு வெறிச்சென்று கிடக்கிறது. என் பெண்டாட்டி செல்லத்தாய் சும்மா சும்மா மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறாள்.

1987 ஆகஸ்ட் 9

கருப்பு சிலோனுக்குப் போகிறான். அமைதிப்படை. ஸ்டேஷனில் யார் யாரோ வந்து பையன்களுக்கு மாலை போட்டார்கள். அன்னக்கொடி மாசமாக இருக்கிறாள், அழுதாள்.

"சண்டைக்கா போறேன்? ரெண்டு பக்கத்தையும் வெலக்கிவிடப் போறோம். அங்க நம்ம சனம்தானே, மாமா?" என்றான் என்னைப் பார்த்து.

ஆமாம் என்றேன். ஆமாம் என்றுதான் நினைத்தேன்.

அக்டோபர் 11, ஞாயிறு

ரேடியோவில் சொன்னார்கள். சண்டை தொடங்கிவிட்டதாம். நம் ராணுவத்துக்கும் சிலோன் பயல்களுக்கும்.

அக்டோபர் 14

என்ன காரியம்டா செஞ்சு வச்சிருக்க, சோணை.

நவம்பர் 8

மெட்ராஸ், ராணுவ ஆஸ்பத்திரி. கருப்புக்குத் தோளில் குண்டு. உயிருக்குப் பயமில்லை என்கிறார் டாக்டர். எலும்பு கூட நாளாகும். நிறைமாசமாக இருக்கிற அன்னக்கொடி, வரவேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அவள் காபி வாங்கப் போன நேரம் கருப்பு சொன்னான்:

"பனந்தோப்பு ஓரமாப் போய்க்கிட்டிருக்கோம் மாமா. மொத குண்டு வயர்லெஸ்காரன் கழுத்துல. எங்கிட்டு இருந்து வந்துச்சுன்னே தெரியல. அடுத்தது எங்க மேஜருக்கு. அவரை இழுக்கப் போனேன், எனக்கு விழுந்துச்சு."

"எத்தனை பேரு சுட்டாக?"

"ஒத்தை ஆளு. அம்புட்டுப் பொறுமை. தெரிஞ்ச கை எதுவோ பழக்கிவிட்டிருக்கு."

வராந்தாவுக்கு வந்துவிட்டேன். காந்தனாக இருக்காது. வேறு யாராவது – வேறு யார்? எல்லாருக்கும்தானே சொன்னேன். காந்தனாக இல்லாவிட்டால் மட்டும் என்ன?

1987 டிசம்பர் 2

பேரன். அன்னக்கொடி சுகம்.

1988 பிப்ரவரி 14

தோள் கூடிவிட்டது. நாளைக்கழித்துத் திரும்பிப் போகிறான். இன்று தோட்டத்துக்கு வந்தான். கிணற்றுமேட்டில் நானும் அவனும்தான்.

"எங்களுக்கும் கண்ணாடி வச்ச துப்பாக்கி ரெண்டு குடுத்திருக்காக மாமா. ஒண்ணு என்கிட்டத்தான் வருது. நீங்க இதுல பெரிய ஆளுன்னு பட்டாளத்துல இன்னமும் பேசுறாக. சொல்லிக் குடுங்க. அவனுக எங்க படுப்பானுக, எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவன் அந்தத் தோப்பு ஓரமாகத்தான் திரும்பவும் நடக்கப்போகிறான். எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லாமல், தெரிந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. குவாரியிலிருந்து ஆரம்பித்தேன். ஒன்றும் விடவில்லை.

அவன் எழுந்து போய்க் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எங்க மேஜருக்கு ரெண்டு பொட்டப்பிள்ளைக" என்றான். அப்புறம், "அன்னக்கொடிட்டச் சொல்லிறாதீக. தாங்க மாட்டா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"இப்பச் சொல்லுங்க. எல்லாத்தையும்."

பொழுது சாயும்வரை சொன்னேன். முதுகில் வெயில் விழும் இடமாகப் பார்த்துப் படுப்பான். சுட்ட இடத்தில் இருக்க மாட்டான், ஆனால் வெகுதூரமும் போக மாட்டான். நீ அவசரப்படாதே, கிடந்த இடத்தில் கிட, அவன் ஒருதடவை அசைவான். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல ஒவ்வொரு முகமாக வந்து நின்றது. எங்கே படுப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? படுக்கச் சொன்னதே நான்தான்.

பிப்ரவரி 16

பஸ் ஏறிவிட்டான். எல்லாரிடமும் சொல்லிக்கொண்டான். என்னிடம் மட்டும் பையை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டான்.

1989 ஜனவரி 22

காளவாசல் பக்கம் போவதில்லை. மொக்கையன் வீட்டுக்கே வந்தான். "நம்ம என்னண்ணே செய்ய முடியும், அன்னைக்கு அது நியாயம்தானே?" என்றான். அன்றைக்கு நியாயம்தான். அதை வைத்துக்கொண்டு நான் எங்கே போய் நிற்பது?

பேரன் நடக்கிறான், விழுகிறான், தானாக எழுந்துகொள்கிறான்.

1990 ஏப்ரல் 1, ஞாயிறு

படை திரும்பிவிட்டது. கருப்பு நேற்று வந்து சேர்ந்தான், உடம்பில் புதுசாக ஒரு கீறல் இல்லாமல். அன்னக்கொடி சிரித்த முகமாக வீட்டுக்கும் வாசலுக்கும் நடக்கிறாள். பேரன் அப்பனைத் தெரியாமல் என் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்தான். செல்லத்தாய் கோழி அடித்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு கருப்பு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கிணற்றுமேட்டுக்குப் பிறகு இப்போதுதான் இப்படி.

"என் செக்‌ஷன்ல அதுக்கப்புறம் ஒருத்தனும் சாகல மாமா. உங்களாலதான். அதைச் சொல்லணும்னுதான் இருந்தேன்."

நான் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிப் போட்டேன்.

"ஒருத்தன் எங்களை ரொம்ப நாளாப் படுத்தினான். பனந்தோப்புல சுட்டவனும் அவன்தான்னு பேச்சு. நீங்க சொன்ன மாதிரியே கெடந்தேன், ஒரு பகல் பூரா. ஒரே ஒருதரம் அசைஞ்சான்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான்: "முடிஞ்சுச்சு."

"பேரு என்னன்னு…"

"யாருக்குத் தெரியும் மாமா? என்னைவிடக் கொஞ்சம் வயசு கொறஞ்ச ஆளு. பாத்தா வாத்தியாரு மாதிரி இருந்தான்."

எனக்கு ஆறுதலாக இருக்கும் என்றுதான் சொன்னான். அவன் முகத்தில் அதுதான் இருந்தது.

எழுந்து கிணற்றடிக்குப் போனேன். தண்ணீர் இறைத்துத் தலைக்கு ஊற்றினேன். செல்லத்தாய் ஈரக்கையோடு வந்து நின்றாள்.

"சோறு தின்ன கையோட எதுக்குத் தலைக்கு ஊத்துறீக? யாருக்கு என்ன?"

"புழுக்கமா இருக்கு" என்றேன்.