அணைத்துவைத்த மைக்கில் பாடிய அக்காளுக்கு

என்றும் என் மனதைவிட்டு இறங்காத எஸ்தர் அக்கா,

உன்னை அடக்கம் செய்து பத்து மாதம் ஆகிறது. நேற்று ஞாயிற்றுக்கிழமை உன் சபைக்குப் போனேன். ஆராதிக்கப் போகவில்லை, சண்டை போடப் போனேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

மண்ணரைப் பகுதியில் அந்தப் பழைய பனியன் கம்பெனிக் கூடத்தில்தான் இன்னும் சபை நடக்கிறது. தகரக் கூரை தெரியாமல் கறுப்புத் துணி கட்டியிருக்கிறார்கள். மேடையில் புகை விட ஒரு இயந்திரம் வந்திருக்கிறது. பாட்டுக் குழுவுக்கு ஒரே நிறத்தில் டி-சர்ட், யாரோ கம்பெனியில் மிஞ்சிய துணியில் தைத்துக் கொடுத்தது. கீபோர்டு மெதுவாகும் இடத்தில் குழுத் தலைவருக்குக் கண்ணீர் வருகிறது. கீபோர்டு வேகமெடுக்கும்போது நின்றுவிடுகிறது. நான் இரண்டு முறை கவனித்தேன்.

'ஏலே, நீ ஆளையும் மேசையில விரிச்சுப்போட்டுப் பாக்குத' என்று நீ திட்டுவாய். ஏற்றுமதி கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகத் துணியைப் புரட்டி ஓட்டை தேடுகிறவன் நான். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். எம்.ஏ. படித்தவனுக்கு இந்த ஊர் கொடுத்த வேலை அது. அந்தக் கண்ணைக் கோயில் வாசலில் செருப்போடு கழற்றி வைக்க முடியுமா?

மூன்று வருடங்களுக்கு முன் அந்தக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் என்ன நடந்தது என்று உன்னிடம் நான் சொல்லவே இல்லை. நீ மேடையில் நின்றாய், கையில் மைக். பாட்டு தொடங்குமுன்பே உன்னைச் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு கூடத்தின் பின்பக்கம் போனேன். அங்கே ஒலிபெருக்கி மேசை. ஒவ்வொரு மைக்குக்கும் கீழே பெயர் எழுதிய காகிதம் ஒட்டியிருந்தது. மற்றவர்கள் பெயருக்கு மேலே பச்சை விளக்கு துடித்துக்கொண்டிருந்தது. 'எஸ்தர் அக்கா' என்ற பெயருக்கு மேலே இருட்டு. விசை அடிவரை இறக்கியிருந்தது.

நீயோ கண்ணை மூடி, கழுத்து நரம்பு புடைக்கப் பாடிக்கொண்டிருந்தாய்.

பாதியில் வெளியே வந்தவன்தான். அதற்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. 'ஏம்ல கோயிலுக்கு வரமாட்டேங்குத?' என்று நீ கேட்டபோதெல்லாம் ஷிப்மெண்ட் இருக்கிறது என்று பொய் சொன்னேன். உன் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது உன் மகள் விஷயம். அவள் அப்பாவும் இல்லை, நீயும் இல்லை, பியூலா என் வீட்டில்தான் இருக்கிறாள். போன வாரம் வந்து, "மாமா, என்னையும் பாட்டுக் குழுவுல சேத்துக்கறாங்களாமுங்க" என்றாள். எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. "உங்கம்மாவை ஊமையாக்கி வெச்ச இடத்துல நீ போய் நிப்பியா? நின்னா திரும்பி இங்க வராதே" என்று சொல்லிவிட்டேன். ஏன் ஊமை என்று சொன்னேன், எதைப் பார்த்தேன் என்றெல்லாம் விளக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆறு நாள் பேச்சில்லை. பெட்டியைக் கட்டி வைத்திருக்கிறாள் என்று மனைவி சொன்னாள்.

அதனால்தான் நேற்றுப் போனேன். ஆராதனை முடிந்ததும் ஒலி பார்க்கும் செல்வராஜைப் பிடித்தேன். சாயப்பட்டறையில் எலக்ட்ரீஷியன், இந்த ஊர்க்காரன்.

"எங்கக்கா மைக்கை யார் சொல்லி அணைச்சீங்க?"

"ஏனுங்கண்ணா, மூணு வருசமா இதையா மனசுல வெச்சிருந்தீங்க?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"அக்காதானுங்க சொன்னாங்க."

"எந்த அக்கா?"

"உங்கக்காதானுங்க. என்னைய அதட்டற அக்கா இந்தச் சபையில வேற யாருங்க?"

வேலை செய்த இடத்துப் பஞ்சுத் தூசியில் உனக்கு இருமல் இருந்ததாம். அது மட்டுமில்லையாம். மைக் இருந்தால் உன் குரல் உனக்கே கேட்கிறது, பிறகு எப்படிப் பாடுகிறோம் என்பதிலேயே நினைப்புப் போய்விடுகிறது என்றாயாம். "'அணைச்சுப் போடுடே, ஆண்டவருக்கு நல்லாக் காது கேக்கும்'னாங்க. அப்புறம் எதுக்குங்க மேடைன்னு கேட்டேன். 'மக ஆசைப்பட்டு ஏத்தி விட்டுருக்கா, இறங்குனா அவ மொகம் வாடிப்போவும்'னாங்க. பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி என்னையப் பாத்துக் காதைத் தொடுவாங்க. நான் உடனே இறக்கிடுவேனுங்க."

நம்புவேனா நான்? செத்தவள் வந்து மறுக்க மாட்டாள் என்ற தைரியம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து அன்றைக்கு எடுத்த வீடியோவைத் தேடி எடுத்தேன். பாட்டுக்கு முன்பு நீ கூடத்தின் பின்பக்கம் பார்க்கிறாய். காதைத் தொடுகிறாய். பிறகுதான் கண்ணை மூடுகிறாய். காது அரித்திருக்கும் என்று ஒரு மனம் இன்னும் சொல்கிறது, அக்கா. அந்த மனதை நான் என்ன செய்ய?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம் முன்பு, வேதபாடம் வாசிப்பதிலிருந்து என்னை நிறுத்தி, குரல் நன்றாக இருக்கிறதென்று வேறொருவனை வைத்தார்கள். உனக்குத் தெரியும், நீ ஒன்றும் கேட்கவில்லை. உனக்காகக் கோபப்பட்டேனா, எனக்காகவா? மூன்று வருடம் எதைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன்?

நேற்றுச் சாயங்காலமே பியூலாவை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப எனக்காகத்தான் மேல நின்னாங்களா?"

"அப்படித்தான் சொல்றான்."

"நீங்க நம்பறீங்களா, மாமா?"

அந்த வீடியோவை அவளிடம் நீட்டினேன். பார்த்து முடித்து அவளே கேட்டாள்.

"நான் சேரட்டுங்களா, வேண்டாங்களா? நீங்க வேண்டாம்னா போகலை. ஆனா இங்க இருக்கவும் மாட்டேனுங்க."

"சேரு கண்ணு. ஆனா..."

"ஆனான்னு ஒண்ணு வரும்னு எனக்குத் தெரியுங்க" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு உன்னுடையது. அந்த 'ஆனா'வை முடிக்காமல் விட்டேன்.

அடுத்த ஞாயிறு அவள் முதன்முதலாக மேடை ஏறுகிறாள். அந்தப் புகையை நம்பவில்லை, தலைவரின் கண்ணீரையும் நம்பவில்லை. நாளைக்கும் நம்பமாட்டேன். ஆனாலும் வருகிறேன். அவள் பாடும்போது பின்னால் போய் எந்த விளக்கு எரிகிறதென்று பார்க்கமாட்டேன். சனங்களுக்கு நடுவில் நின்று நானும் வாயைத் திறப்பேன். மூன்று வருடமாக ஆண்டவரோடு பேசவில்லை. முதலில் வருவது ஸ்தோத்திரமாக இருக்காது, வழக்காகத்தான் இருக்கும். அதையும் அவர் கேட்டுக்கொள்வாரா, அக்கா? எப்படியானாலும் அதை அழகாக்கிச் சொல்லமாட்டேன். அதற்கு மட்டும் வாக்குக் கொடுக்கிறேன்.

உன்னைக் கேட்காமலே உனக்காகக் கோபித்துக்கொண்ட உடன்பிறப்பு,
தாசன்