மருந்துப் பிள்ளையின் நோன்பு

பெப்ரவரி 26, புதன்

கிளினிக் நாள். சஹ்லாவின் இரத்தத்தில் மக்னீசியம் இந்த முறை குறையவில்லை. அல்ஹம்துலில்லாஹ். டொக்டர் சாம்பவி ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "அம்மா நல்லாப் பாக்கிறீங்கள். இப்பிடியே போகட்டும்" என்றார். வெள்ளவத்தைக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் த்ரீவீலில் அதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். இந்த வயதில் எனக்கு யார் புள்ளி போடுகிறார்கள்?

பிள்ளையின் சிறுநீரகம் மக்னீசியத்தைப் பிடித்து வைக்காது. வருவதெல்லாம் சிறுநீரோடு போய்விடும். பிறப்பிலேயே அப்படி. அதனால் நாலு வேளை மருந்து: காலை, பகல், பின்னேரம், படுக்கமுன். தூளைத் தண்ணீரில் கரைத்துச் சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். பெட்டிக்குள் இருந்த ஆங்கிலத் தாளை அகராதி வைத்து நானே வாசித்து விளங்கிக்கொண்டேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் என்று இப்போது யாரும் சொல்ல மாட்டார்கள்.

நோன்புக்கு முன் வீடு கழுவ வேண்டும். கஞ்சிச் சாமானும் ஈச்சம்பழமும் வாங்க எழுதியாயிற்று.

மார்ச் 2, ஞாயிறு

முதல் நோன்பு. விடியமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு நான் எழும்பிய சத்தத்தில் சஹ்லாவும் எழும்பி வந்து மேசையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நானும் பிடிக்கிற."

"நீங்க சின்னப் புள்ள. அதோட மருந்தும் ஈக்கி."

"ஹஸன் நானா பிடிக்கிறாராம்."

"அவருக்கு ஏழு வயசு."

"எனக்கும் ஆறு ஈக்கிதானே."

அவள் வாப்பா இன்ஸாபுக்குச் சிரிப்பு வந்து தண்ணீர் புரையேறிவிட்டது. "புள்ளைக்கு உம்மாட கணக்கு வந்திருக்கி" என்றார். கடைக்குப் போகும்போதும் சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் போனார். புறக்கோட்டையில் இன்றைக்கு எத்தனை பேருக்குச் சொன்னாரோ.

மார்ச் 5, புதன்

ஹெவ்லொக் டவுனில் மஸாஹிரா மச்சி வீட்டில் நோன்பு திறந்தோம். இன்ஸாபின் கூடப்பிறந்த ராத்தா. ஹஸன் அவருடைய மகன். முதல் தடவையாக முழு நோன்பு பிடித்தான் என்று கழுத்தில் மல்லிகை மாலை, கையில் புது மணிக்கூடு. பாங்கு சொன்னதும் முதல் ஈச்சம்பழத்தை அவன் வாயில் வைத்துவிட்டுத்தான் மற்றவர்கள் எடுத்தார்கள். சஹ்லா அவன் மாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு ஒருவர் கேட்டார்: "இந்த மகள் பிடிக்கிற இல்லையா?"

நான் வாயைத் திறக்கமுன் மச்சி சொல்லிவிட்டார். "அவக்கு எங்க. அவ மருந்துப் புள்ள."

கெட்ட மனதோடு சொல்லவில்லை. எனக்குத் தெரியும். எல்லோரும் பாவம் பார்த்து 'த்சு த்சு' என்றார்கள். அதுதான் தாங்க முடியவில்லை. சஹ்லா என் சீலைக்குப் பின்னால் வந்து நின்றாள்.

பின்னேர மருந்தைக் கொடுக்க நேரமாயிருந்தது. எங்கே போனாலும் மேசையில் வைத்துத்தான் கரைப்பேன். இன்றைக்குக் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று கரைத்துக் கொடுத்தேன். ஏன் அப்படிச் செய்தேன்?

மார்ச் 6, வியாழன்

நாலு வேளை என்றால் நாலு பங்கு. ஸஹருக்கு இரண்டு பங்கு, நோன்பு திறந்ததும் இரண்டு பங்கு. கூட்டினால் அதே கணக்கு. ஒரு மில்லிகிராம் குறையாது. நோன்பும் ஆயிற்று, மருந்தும் ஆயிற்று.

இன்ஸாபிடம் சொன்னேன். துவைத்த சாரத்தை மடித்துக்கொண்டு நின்றவர் அப்படியே நிறுத்தினார். "டொக்டர்ட கேட்டீங்களா?"

"ஓ. போன்ல கேட்ட."

கேட்கவில்லை. நாளைக்குக் கேட்டுவிடுவேன் என்று நினைத்தபடிதான் சொன்னேன்.

மார்ச் 7, வெள்ளி

கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை, டொக்டர் வேலையாக இருப்பார்.

சஹ்லா பிடித்தாள். முழுதாக. பகலில் வாடி நிலத்தில் படுத்துக்கொண்டாள், ஆனால் தண்ணீர் கேட்கவில்லை. நோன்பு திறக்கும்போது என் வெள்ளைத் துப்பட்டியைப் போட்டு, மாலையும் போட்டுப் படம் எடுத்து வட்ஸ்அப் குடும்பக் குழுவுக்கு அனுப்பினேன். மச்சியின் குரல் பதிவு வந்தது: "மாஷா அல்லாஹ், எங்கட புள்ளையல்லவா."

அதை மூன்று தரம் போட்டுக் கேட்டேன். மூன்றாம் தரம் சஹ்லாவுக்குக் கேட்கட்டும் என்று சத்தமாக.

மார்ச் 9, ஞாயிறு

நேற்றும் இன்றும் பிடித்தாள். நானாகச் சொல்லவில்லை, அவளேதான் எழும்பி வருகிறாள். வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை.

வயிறு ஓடுகிறது. கஞ்சியில் இஞ்சி கூடிவிட்டதோ.

மார்ச் 10, திங்கள்

வயிறு நிற்கவில்லை. நோன்பையும் அவள் விடவில்லை. மருந்தைக் கூடுதலாக ஒரே தரத்தில் எடுத்தால் வயிறு போகும் என்று தாளில் ஒரு வரி இருக்கிறது. அகராதி பார்த்து நான் அடிக்கோடு போட்ட வரி. இன்றைக்குத் தாளை எடுக்கவில்லை.

மார்ச் 12, புதன். வார்டில் இருந்து

யா அல்லாஹ். எப்படி எழுதுவது.

நேற்றுப் பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு சஹ்லா, "உம்மா, கை கூசுது" என்றாள். பார்த்தேன். விரல்கள் எல்லாம் ஒன்றாகக் கூம்பி, கை உள்பக்கம் மடங்கி நின்றது. நீவிவிட்டேன், திறக்கவில்லை. பிறகு கண் மேலே போய் உடம்பு முழுக்க உதறத் தொடங்கியது. என் பிள்ளை - என் கையில் - நான் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிடுகிறேன், கேட்கவில்லை. மேல் வீட்டு ரிஷாத் தம்பி தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினார். செருப்புப் போட்டேனா என்றுகூடத் தெரியாது. வார்டில் பார்த்தபோது வெறுங்கால்.

ஊசி வழியாக மக்னீசியம் ஏற்றினார்கள். உதறல் நின்றது. இன்றைக்குக் காலையில் டொக்டர் சாம்பவி வந்தார்.

"மருந்து ஏதாவது தவறினதா அம்மா?"

"இல்ல டொக்டர். ஒண்டும் தவறல்ல."

தவறவில்லைதான். கணக்கு சரி. அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

டொக்டர் போனதும் சஹ்லாவின் காதருகே குனிந்து சொன்னேன்: "நோம்பு பிடிச்சதப் பத்தி ஒருத்தருக்கும் செல்லத் தேவல்ல. சரியா மகள்?"

தலையை ஆட்டினாள். ஊசி குத்திய கையை ஆட்டாமல் தலையை மட்டும்.

மார்ச் 13, வியாழன்

டொக்டருக்கு விளங்கவில்லை. ஒழுங்காக மருந்து கொடுத்தும் இவ்வளவுக்குக் குறைந்திருந்தால் நோய் முற்றுகிறது என்றுதான் எடுக்க வேண்டும் என்கிறார். மருந்தைக் கூட்டலாம், ஆனால் வயிறு ஏற்கெனவே ஓடுகிறது. அதனால் மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் போட்டு, சொட்டுச் சொட்டாக மருந்தை விடுவதாம். வீட்டுக்கும் குழாயோடுதான் போக வேண்டும். எவ்வளவு காலம் என்று இன்ஸாப் கேட்டார். "இப்ப சொல்லேலாது. நாளைக்குப் பின்னேரம் போடுவம்."

இன்ஸாப் யன்னல் பக்கம் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. நான் கிட்டப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

மச்சி கஞ்சி கொண்டு வந்தார். என்னைக் கட்டிப்பிடித்து, "மர்லியா, ஒங்களப் போல ஒரு உம்மா அந்தப் புள்ளைக்குக் கெடச்சதே அல்லாஹ்ட ரஹ்மத்" என்றார். பள்ளிவாசலில் துஆக் கேட்கச் சொல்லியிருக்கிறாராம். குடும்பக் குழுவில் எல்லோரும் துஆ எழுதியிருக்கிறார்கள். அதற்குச் சற்று மேலே மாலை போட்ட படம் அப்படியே இருக்கிறது.

அதைக் கண்டும் நான் சொல்லவில்லை. பிள்ளையின் மூக்கில் குழாய் ஏறினாலும் பரவாயில்லை, என் பெயர் நிற்கட்டும் என்றா இருந்தேன்? எழுதிப் பார்க்கிறேன். ஓம். அப்படித்தான் இருந்தேன்.

நோயாளிக்கு நோன்பு கடமையில்லை, அது அல்லாஹ் தந்த சலுகை, அதை வெட்கமாக எடுக்கக் கூடாது என்று போன வருஷம் எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். அயல் வீட்டு இராமலெட்சுமி அக்காவின் சர்க்கரை வருத்தத்துக்குக்கூட நான்தான் எப்போது மருந்து, எப்போது சாப்பாடு என்று எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் 14, வெள்ளி

காலையில் நர்ஸ் சிங்களத்தில் சஹ்லாவுக்குக் குழாயைக் காட்டி, சின்னது, நோகாது, என்று விளங்கப்படுத்தினார். சஹ்லா அழவில்லை. நர்ஸ் போனதும் என்னைக் கிட்ட வரச் சொன்னாள்.

"உம்மா, பொய் சென்னா நோம்பு பாழாப் போகும்டு நீங்கதானே சென்ன?"

"ஓ."

"அப்ப இண்டைக்கி ஒங்கட நோம்பு பாழா?"

நான் அவள் போர்வையை இழுத்துவிட்டேன்.

"பரவால்ல. நான் செல்ல மாட்ட" என்றாள். என்னைத் தேற்றுகிறாள். ஆறு வயசு. என் பாவத்தை அவள் மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறாள், குழாயையும் வாங்கிக்கொண்டு.

எழும்பிப் போனேன். டொக்டர் சாம்பவி வேறொரு பிள்ளையின் கட்டிலில் நின்றார். காத்துக்கொண்டு நிற்க முடியவில்லை, நின்றால் திரும்பி வந்துவிடுவேன். "டொக்டர், நான் பொய் சொன்ன" என்றேன். அங்கே நின்ற தாய்மார் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். மாலை, படம், இரண்டு பங்கு, இரண்டு பங்கு.

ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. என்னை ஒரு கதிரையில் இருத்தினார்.

"மொத்தம் சரிதானே எண்டு நினைச்சீங்கள், என்ன?"

"ஓ டொக்டர்."

"அவவின்ர கிட்னிக்குக் கணக்குத் தெரியாது அம்மா. ஒரேயடியாக் குடுத்தா வயித்தால பாதி போயிடும், மிச்சத்தைக் கிட்னி விட்டிடும். பகல் முழுக்க உடம்பு வெறுமையா இருந்திருக்கு." பேனையை மூடிப் பைக்குள் வைத்தார். "ஏன் முதலே சொல்லேல்லை? ஒரு போன் எடுத்திருக்கலாமே."

"வெக்கம்."

"இண்டைக்குப் பின்னேரம் தேவையில்லாம ஒரு குழாய் போட்டிருப்பன்" என்றார். அது ஏச்சை விட மோசம்.

குழாய் இல்லை. பழையபடி நாலு வேளை. திங்கட்கிழமை திரும்பவும் இரத்தம் பார்ப்பார்கள்.

இன்ஸாபுக்கும் சொன்னேன். பின்னேரம், வாசலில், அவர் கடையிலிருந்து வந்ததும். கேட்டுக்கொண்டிருந்தவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "டொக்டர்ட கேட்டண்டுதானே சென்னீங்க." பிறகு உள்ளே போய்ப் பிள்ளையின் கட்டிலில் உட்கார்ந்தார். நோன்பு திறக்கும்போது எனக்கும் தண்ணீர் நீட்டினார். முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

மக்னீசியம் ஏறியிருக்கிறது. குழாய் இல்லாமலே. நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்.

மார்ச் 18, செவ்வாய்

குடும்பக் குழுவில் என் குரலிலேயே சொன்னேன். பிள்ளைக்குச் சுகம், நோய் முற்றவில்லை, நான் மருந்தை மாற்றிக் கொடுத்ததால் வந்தது, டொக்டரிடம் கேட்காமல். பாவம் பார்க்க வேண்டாம், துஆச் செய்யுங்கள்.

ஒரு மணித்தியாலம் யாரும் ஒன்றும் போடவில்லை. பிறகு யாரோ வட்டிலப்பம் செய்யும் விதம் அனுப்பினார்.

மார்ச் 22, சனி

இன்ஸாப் தன்னுடைய போனில் நாலு நேரத்துக்கும் அலாரம் வைத்திருக்கிறார். வீட்டில் இருந்தால் அவரே எழும்பிக் கரைத்துக் கொடுக்கிறார், பகல் பங்கைக் காலையிலேயே அளந்து வைத்துவிட்டுப் போகிறார். பகலில் கடையிலிருந்து போன் எடுத்துச் சஹ்லாவிடம் கேட்கிறார்: "குடிச்சீங்களா மகள்?" என்னிடம் கேட்பதில்லை. கேட்கச் சொல்லும் உரிமையும் எனக்கு இல்லை.

மார்ச் 31, திங்கள். பெருநாள்

மச்சி வீட்டுக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. சஹ்லா புதுச் சட்டையோடு வாசலில் நின்று, "வாங்கோ உம்மா" என்று இழுத்தாள்.

சாப்பாட்டு மேசை நிறைய ஆட்கள். அன்றைக்கு 'த்சு த்சு' என்ற பக்கத்து வீட்டுக்காரரும் இருந்தார். புரியாணி வைத்துக்கொண்டிருக்கும்போது இன்ஸாபின் சட்டைப்பையில் போன் அடித்தது. பகல் மருந்து. சாப்பிட்ட கைகள் நின்றன. எல்லோருக்கும் தெரியும்.

மச்சி எழும்பிப் போய் ஒரு கிளாஸில் தண்ணீரும் கரண்டியும் கொண்டு வந்து மேசை நடுவில் வைத்தார். ஹஸன் எட்டிப் பார்த்தான்.

"உப்பா அது?"

"சுண்ணாம்பு மாதிரி" என்றாள் சஹ்லா. "வேணுமா?"

"சீ."

"அப்ப கதைக்காம இரிங்க. இது மருந்துப் புள்ளைக்கு மட்டுந்தான்."

மச்சி தலையைக் குனிந்துகொண்டார்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. இன்ஸாப் அதை நிறுத்தினார், ஆனால் எழும்பவில்லை. மருந்துப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். இரண்டு கிழமைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

ஒரு பங்கு அளந்து போட்டேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, மேசையில் வைத்தே கரைத்தேன்.