கெடிலக் கரையில் கிடைத்த ரோமக் காசு

மச்சான்,

இன்று காலை பக்கத்துப் பாத்திரக்கடையில் பழைய வெண்கலக் குண்டானைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை ஸ்டுடியோவுக்குள் வந்ததும் எனக்கு வேலை ஓடவில்லை. பழங்காசு தேய்த்த உன் விரல்களில் அடித்த வாடை அது.

ஷார்ஜாவிலிருந்து திரும்பிக் கடலூரில் கடை போட்ட பிறகும் உனக்குப் பழங்காசுப் பைத்தியம் விடவில்லை. கெடிலத்தில் வெள்ளம் வடிந்ததும், திருவதிகைப் பக்கம் அறுந்து நின்ற கரையில் அந்தக் காசைக் கண்டெடுத்தாய். ஈரச் சட்டையோடு பஸ் பிடித்துச் சிதம்பரத்துக்கு வந்தாய்.

"ரோமாபுரிக் காசு மச்சான். எழுத்து தெரியற மாதிரி போட்டோ புடி."

விரல்நுனி அளவுக்குப் பச்சை பூத்த வெண்கலம். விளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் படமெடுத்துத் திரையில் பெரிதாக்கினேன். தேய்ந்த அரசன் முகத்தைச் சுற்றி இருந்த பெயர் பாதிக்கு மேல் அழிந்திருந்தது. மறுபக்க எழுத்துகள் மட்டும் எழும்பி நின்றன. நீதான் எழுத்துக்கூட்டினாய். லத்தீனில் 'நாட்டின் நலம்' என்று பொருளாம். அந்த வாசகத்துக்கு நடுவே சிறகு முளைத்த ஒருத்தி, கைதி ஒருவனை இழுத்துக்கொண்டு போகிறாள்.

"நலம்னு எழுதிட்டு ஒருத்தன இழுத்துக்கினு போறா பாரு" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் மனைவி போனில் என்னிடம் சொன்னாள்: "அண்ணே, அத மியூசியத்துல குடுக்கச் சொல்லுங்க. ஊட்ல வேணாம்."

"இன்னும் ரெண்டு மூணு கெடைக்கும், சேத்துக் குடுத்துடலாம்" என்றாய் நீ.

அடுத்த ஞாயிறு என்னையும் அழைத்துப் போனாய். மணல் அள்ளி அள்ளி ஆறு பள்ளமாகிக் கிடந்தது. கரையின் அடி குடைந்து, மேலே ஒரு பனை ஆற்றுப் பக்கம் சாய்ந்திருந்தது. அதன் பின்னால் தரையில் ஒரு விரிசல். கையை விட்டேன், மணிக்கட்டுவரை போனது. உள்ளே சில்லென்றிருந்தது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா தூரத்திலேயே நின்று சொன்னார். "அந்த ஓரம் போவாதீங்க. அடில ஒண்ணுமே இல்ல. என் ஆடுங்களே போவாது."

"வா, போயிடலாம்" என்றேன். அன்றைக்கு வந்துவிட்டாய்.

அடுத்த மழை விட்டதும் தனியாகப் போயிருக்கிறாய். மதியம்வரை போன் எடுக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது பனை ஆற்றுக்குள் கிடந்தது. மண்ணை வாரிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில் அந்த அம்மாவும் வெறுங்கையால் தோண்டிக்கொண்டிருந்தார். உன்னை வெளியே எடுத்தபோது வலது கை இறுக மூடியிருந்தது. பிரித்துப் பார்த்தேன். மண்தான்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்ததும் உன் மனைவியும் நானும் காசை மியூசியத்தில் ஒப்படைத்தோம். வாங்கிக்கொண்டவர் எழுத்தைப் படித்துவிட்டு, "நல்ல வாசகம்ங்க" என்றார். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

இப்போதெல்லாம் கல்யாண ஜோடிகள் ஆற்றங்கரையில்தான் படம் வேண்டும் என்கிறார்கள். எந்தக் கரைக்குப் போனாலும் என் கண் முதலில் அவர்கள் காலடியைத்தான் பார்க்கிறது. "இங்க வாங்க. இன்னும் கொஞ்சம் வாங்க" என்கிறேன். படத்தில் ஆறே தெரியவில்லை என்று சிலர் கோபிக்கிறார்கள். ஆனாலும் கூப்பிட்டால் வந்துவிடுகிறார்கள், மச்சான்.