சீதனக் காணியில் எழும் புகை

அனுப்புநர்:
திருமதி வித்தியா குகதாசன்,
கொட்டுப்பனை ஒழுங்கை,
வலிகாமம் மேற்கு.

பெறுநர்:
சுகாதார வைத்திய அதிகாரி அவர்கள்,
சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை.

விடயம்: வீட்டை ஒட்டிய புகையிலைக் குடிலால் ஆஸ்துமா நோயாளியான என் மகளுக்கு ஏற்படும் பாதிப்பு

மதிப்பிற்குரிய ஐயா,

இன்று காலை எழுந்ததும் முதலில் என் மகளின் தலையணையை முகர்ந்து பார்த்தேன். நேற்றுத்தான் உறையைக் கொதிநீரில் அவித்துத் தோய்த்து வெயிலில் போட்டிருந்தேன். தேங்காய்ப் பொச்சுப் புகை மணத்தது. அதன் பின்பே இம்மனுவை எழுத உட்கார்ந்தேன்.

1. மகள் கஜந்தினிக்குப் பதினொரு வயது. மாசி தொடக்கம் மூன்று முறை மூச்சு முட்டு வந்து வைத்தியசாலை விடுதியில் கிடந்தாள். தங்கள் பணிமனை தந்த துண்டுப்பிரசுரத்தில் உள்ள அனைத்தையும் செய்துவிட்டேன். வீட்டில் நுளம்புத்திரி இல்லை. சாமியறையில் சாம்பிராணி இல்லை. பூனையையும் கொடுத்தாயிற்று, அதற்காக அவள் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

2. அப்பிரசுரத்தில் இல்லாதது ஒன்று உண்டு. மகளின் அறை யன்னலிலிருந்து பதினைந்து அடி தூரத்தில், என் கணவரின் தமையனார் நடராசா புகையிலை பதப்படுத்தும் குடில் நிற்கிறது. அறுவடைக் காலத்தில் பொச்சும் பனை ஊமலும் இட்டு நாட்கணக்கில் புகை போடுவார். யன்னலைச் சாத்தினால் ஓட்டிடுக்கால் இறங்குகிறது.

3. அவரிடம் கேட்டுப் பார்த்தேன். “எங்கடை அப்பு எண்பது வயசுமட்டும் உந்தப் புகைக்குள்ளைதான் நிண்டவர். அவருக்கு வராத முட்டு உவளுக்கு எப்பிடி வரும்? உது உங்கடை பக்கத்து வருத்தம்” என்றார். குடில் ஓயும்வரை மகளை நெல்லியடியில் என் தமக்கை வீட்டில் விடலாம் என்பது கணவரின் தீர்வு. மகள் புத்தகங்களை அடுக்கத் தொடங்கிவிட்டாள். எங்கள் வளவில் புகையிலைக்கு இடம் உண்டு, பிள்ளைக்குத்தான் இல்லை.

4. தங்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இம்மாதம் 6ஆந் திகதி வந்தார். அன்று குடிலில் புகை இல்லை. அவர் வரவிருப்பது முதல் நாளே ஊருக்குத் தெரிந்திருந்தது. அடுப்படிக் கரியைப் பார்த்தார். மின்விசிறித் தூசைத் தொட்டுப் பார்த்தார். திரைச்சீலைகளைக் கழற்றச் சொன்னார். நான் குடிலைக் காட்டியபோது குரலைத் தாழ்த்தி, “அக்கா, காணி உறுதி உங்கடை பேரிலை. வழக்கு வைச்சால் முதலாம் எதிரி நீங்கள்தான். யோசிச்சுச் செய்யுங்கோ” என்றார்.

5. அவர் சொன்னது சரி. அது என் சீதனக் காணி. குடிலுக்கு இடம் காட்டியவளும் நானே. அப்போது மகள் பிறந்திருக்கவில்லை. நெருப்பை அடுப்படியில் நின்றே கவனித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தன்மேல் தானே முறைப்பாடு செய்ய எவளும் துணியமாட்டாள் என்று வீட்டார் நம்பியிருக்கிறார்கள். மூன்று பருவங்களாக நானும் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றினேன்.

ஆகவே, முன்னறிவித்தல் இன்றி, புகை போடும் நாளில் நேரில் வந்து பார்க்குமாறும், குடிலை அகற்றச் சட்டப்படி அறிவித்தல் வழங்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். அறிவித்தலில் காணிச் சொந்தக்காரி என்று என் பெயரையே எழுதவும். வழக்கு வந்தால், நீதிமன்றில் நின்று நான் குற்றவாளி என்றே சொல்வேன். கணவர் உட்பட எவருக்கும் இதை இன்னும் சொல்லவில்லை.

திகதி: 18.03.2025
இடம்: வலிகாமம் மேற்கு

மனுதாரரும் காணி உரிமையாளருமான,
(ஒப்பம்)
வித்தியா குகதாசன்