அந்த ஒரு பந்தை எறியாதே

அன்பு மகள் ப்ரின்னுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் ஆண்டவர் அருளால் சுகமாக இருக்கிறோம், உன் நாய் ஹாங்க்கூட நொண்டாமல் நடக்கிறான், அங்கே நீயும் உன் வலது கையும் சுகம்தானா என்று அறிய ஆசை. நான் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும், பிறந்தநாள் வாழ்த்து அட்டையில்கூட அம்மாதான் என் பெயரையும் சேர்த்துப் போடுவாள், ஆனால் நேற்றிலிருந்து பதினோரு தடவை போன் போட்டும் நீ எடுக்கவில்லை. பரீட்சை வாரம் என்பது ஒரு காரணம், ஏப்ரலில் நான் போட்ட கூச்சல் இன்னொரு காரணம், இரண்டும் எனக்குத் தெரியும். அதனால்தான் மறுநாளே சேர்கிற தபாலில் இதை அனுப்புகிறேன், நாளை வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் உன் விடுதிக்கு வந்துவிடும் என்று தபால்காரப் பெண் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். இதைக் கடைசி வரி வரைக்கும் படிக்காமல் சனிக்கிழமை மைதானத்துக்குள் கால் வைக்காதே.

சோளம் பாதி விதைத்தாயிற்று, வடக்குப் பக்கத்து எண்பது ஏக்கர் இன்னும் ஈரமாகக் கிடக்கிறது, டிராக்டரை இறக்கினால் அச்சு வரை புதைந்துவிடும். அம்மா ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் இருநூறு பேருக்கு சில்லி இறைச்சிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரோலும் செய்து மணிக்கட்டைச் சுட்டுக்கொண்டாள், மருந்து போடச் சொன்னால் நீ போய் உன் வேலையைப் பார் என்கிறாள். பயப்படாதே, சின்னக் காயம்தான். நான் சுற்றி வளைக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது, சொல்ல வந்ததைச் சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது.

ஏப்ரல் முதல் வாரம், உன் முன்கை எலும்பில் விரிசல் என்று கட்டுப் போட்டு மூன்று வாரம் இருக்கும், நான் உனக்குத் தெரியாமல் உன் கோச் ஹாஸ்கெல் அம்மாளுக்கு போன் செய்தேன். உங்கள் சாஃப்ட்பால் அணியில் கடைசி வருடப் பெண்களை வழியனுப்புகிற நாளில் என் மகளை மட்டும் பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள், பூங்கொத்து கொடுத்து, எங்களோடு மைதானத்தில் நடக்கவிட்டு, ஆட்டம் தொடங்கும்போது ஒரே ஒரு பந்து எறியவிட்டு வெளியே கூப்பிட்டுக்கொள்ளுங்கள், நான் பதினாலு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறேன், அந்த ஒரு பந்தை நான் பார்க்கவேண்டும் என்று கேட்டேன். அவளும் சரி என்றாள். எதிர் அணி கோச்சிடமும் பேசிவிட்டாள், அவர்கள் மட்டைக்காரி வீசாமல் விட்டுவிடுவாள், ஜனங்கள் எழுந்து கைதட்டுவார்கள், அவ்வளவுதான். எல்லாக் கல்லூரியிலும் அடிபட்ட பெண்களுக்குச் செய்கிற மரியாதைதானே, இதில் என்ன கெட்டுப் போய்விடும் என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா, தானியக் கூட்டுறவுக் கிடங்கில் எல்லோரிடமும் சொல்லி, சனிக்கிழமை மத்தியானம் அங்கே பெரிய டிவியில் போட்டுப் பார்ப்பதற்கு நாற்காலி வரைக்கும் ஏற்பாடாகிவிட்டது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் உன் அப்பனுக்கு இணை இந்த மாவட்டத்திலேயே கிடையாது.

அதற்கு இரண்டு வாரம் கழித்து நீ போன் பண்ணி, காயத்துக்காக இந்த வருடத்தைக் கணக்கில் சேர்க்காமல் அடுத்த வருடம் ஆட விண்ணப்பம் போடப் போகிறேன், நர்சிங் படிப்பும் எப்படியும் இன்னொரு வருடம் இருக்கிறது என்று சொன்னாய். நான் என்ன சொன்னேன் என்று இரண்டு பேருக்கும் நினைவிருக்கிறது. நம் கோலார் குடும்பத்துப் பெண் ஒரு வருடத்தை இரண்டு தடவை ஆடமாட்டாள், காகிதத்துக்குப் பின்னால் ஒளியாதே, கையைச் சரிபண்ணிக்கொண்டு இந்த வருடமே போய் எறி என்று கத்தினேன். நீ போனை வைத்துவிட்டாய். அன்றைக்கு முழுக்க நான் சொன்னது சரி என்றுதான் ஹாங்க்கிடம் வாதாடிக்கொண்டிருந்தேன்.

நேற்றுக் காலை, பெற்றோர் எந்த வாசல் வழியாக மைதானத்துக்குள் வரவேண்டும் என்று கேட்பதற்காக உங்கள் கல்லூரி விளையாட்டு அலுவலகத்துக்கு போன் செய்தேன். ஆடும் தகுதி விதிகளைப் பார்க்கிற ஆஸ்ட்ராண்டர் என்ற அம்மாள்தான் எடுத்தாள். பேச்சுவாக்கில், உங்க பொண்ணு பேப்பர் எங்கிட்டதான் இருக்கு, நல்லா கச்சிதமா இருக்கு, சீசன் முதல் பாதியிலயே அடி, ஐம்பத்திரண்டு ஆட்டத்துல பதினாலுலதான் எறங்கியிருக்கா, சனிக்கிழமை அவ எறங்கமாட்டாதானே என்றாள். இல்லைங்க, சும்மா மரியாதைக்கு ஒரே ஒரு பந்து, ரெண்டு கோச்சும் பேசி வெச்சுட்டாங்க, அந்தப் பொண்ணு மட்டையக்கூடத் தூக்கமாட்டா என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அப்புறம் சொன்னாள், "மிஸ்டர் கோலார், மரியாதைக்குப் போட்டாலும் அது ஸ்கோர் புக்குல ஏறும். ஸ்கோர் புக்குல ஏறினா ஆடினதாத்தான் அர்த்தம். ரெண்டாவது பாதியில ஒரு பந்து போட்டாக்கூட இந்தப் பேப்பரை நான் கிழிச்சுப் போடவேண்டியதுதான். அடுத்த வருஷம்னு ஒண்ணு அவளுக்குக் கெடையாது." வாசல் எது என்று கேட்கவும் மறந்துவிட்டேன்.

உடனே ஹாஸ்கெல் அம்மாளைப் பிடித்தேன். நான் கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், விட்டுவிடுங்கள் என்றேன். அவள் நல்லவள்தான் ப்ரின், ஆனால் கழுத்து வரைக்கும் தண்ணீர். வருட ஆரம்பத்தில் பந்து எறிய நான்கு பேர் இருந்தீர்கள், ஒருத்தி குளிர்காலத்தில் வேறு கல்லூரிக்குப் போய்விட்டாள், ஒருத்திக்குப் பந்து முகத்தில் பட்டு இன்னும் வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை, உனக்குக் கை, மிச்சம் இருப்பது முதல் வருடப் பெண் கின்ஸ்லி ஒருத்திதான், போன வாரம் மூன்று நாளில் முந்நூற்றுத் தொண்ணூறு பந்து எறிந்திருக்கிறாள். இந்த வாரம் மூன்றில் இரண்டு ஜெயித்தால்தான் அடுத்த சுற்று. ஹாஸ்கெல் மறைக்காமல் சொன்னாள், "அந்த ஒரு பந்தைப் போட்டுட்டாலே பேப்பர் செத்துரும். செத்ததுக்கு அப்புறம் ப்ரின் எனக்கு ரெண்டு இன்னிங்ஸ் போட்டா அவளுக்கு என்ன சார் நஷ்டம்? எனக்கு உசிரு வரும். நான் கேப்பேன், கேக்கமாட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன்." விதி விஷயம் என் மகளுக்குத் தெரியாது, முதலில் அவளிடம் சொல்லுங்கள் என்று கோபமாகச் சொன்னேன். அதற்கு அவள், "ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே சொல்லிட்டேனே. தெரிஞ்சுதான் போடுறேன்னு சொல்லிட்டா. அவளா வந்து வேண்டாம்னா நான் மறுபேச்சுப் பேச மாட்டேன். ஆனா அவ வாயால சொல்லணும், உங்க வாயால இல்ல" என்றாள்.

உனக்குத் தெரியும் என்று கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது, பொய் சொல்வானேன். ஒரு வருடத்தை இப்படியா தூக்கிப் போடுவாள், கின்ஸ்லி மேல் இருக்கிற இரக்கத்தில் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று சமையலறைக்குள் வந்து குதித்தேன். அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே கேட்டாள், "யாருக்காகப் போடுறான்னு நெனக்கிற, டுவெய்ன்?" நான் கின்ஸ்லிக்காக என்றேன். இல்லை என்றாள். கோச்சுக்காக என்றேன். அதற்கும் இல்லை என்றாள். பிறகு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, நீ அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னதை அப்படியே சொன்னாள். "அப்பா கேட்டு வெச்சிருக்காரும்மா. விதைப்ப விட்டுட்டுப் பதினாலு மணி நேரம் ஓட்டிக்கிட்டு வர்றாரு. ஊரையே உக்கார வெச்சிருக்காரு. அவரு ஒரு தடவ பாக்கட்டும், அப்புறம் என்ன வேணா ஆகட்டும்." சத்தியத்தை மீறியதற்கு அவளைத் திட்டாதே. வேண்டுமென்றால் என்னைத் திட்டு, எனக்கு அது பழகவேண்டிய நேரம் வந்துவிட்டது. நீயே அவளுக்கு போன் பண்ணிச் சொல்லேன் என்று அம்மாவிடம் கெஞ்சினேன், மாட்டேன் என்றுவிட்டாள். நீ பண்ணின கூத்து, நீயே உன் கையால எழுது என்றாள்.

அப்போதுதான் நான் அவளிடம் மார்ச் மாதத்துச் சங்கதியைச் சொன்னேன். அதுவரைக்கும் அவளுக்குத் தெரியாது, நீ சொல்லவே இல்லை போலிருக்கிறது. மார்ச்சில் ஒரு ஆட்டம் முடிந்ததும் நீ எனக்குச் செய்தி அனுப்பினாய், அப்பா, முன்கையில ஒரு எடத்துல குத்துது, ஒத்த விரல் வெச்சாலே வலிக்குது என்று. நான் பதில் போட்டேன், ஐஸ் வை, யார்கிட்டயும் மூச்சு விடாதே, சொன்னா உக்கார வெச்சுருவாங்க. நீயும் நான் சொன்னபடியே கேட்டாய். அதற்கப்புறம் மூன்று ஆட்டம் எறிந்தாய், மூன்றாவதில் எலும்பு விரிசல் விட்டது. அந்தச் செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது, இரண்டு தடவை அழிக்கப் பார்த்தேன், விரல் போகவில்லை. உனக்கு ஒன்பது வயதிலிருந்து கொல்லைப்புறத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து உன் பந்தைப் பிடித்திருக்கிறேன், என் முழங்காலுக்குக் கீழே நீ பதித்த தழும்புகளை எண்ணவே முடியாது, அந்த வாளியில் உட்கார்ந்த உரிமையில் உன் கை எனக்குத்தான் சொந்தம் என்று எப்போதோ நினைக்க ஆரம்பித்துவிட்டேன். தப்பு, மகளே. உன் எலும்பு உடைந்ததில் என் பங்கு உண்டு. அம்மா இதைக் கேட்டுவிட்டு எழுந்து வெளியே போய் வேலியோரம் ஒரு மணி நேரம் நின்றாள். நான் ஜன்னல் வழியாக அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கின்ஸ்லியைத் தனியாக விட்டுவிட்டு நான் எப்படி உட்காருவது என்று நீ கேட்பாய், உன் புத்தி எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கு நீ எறிந்துதான் உதவவேண்டும் என்பதில்லை. பெஞ்சில் அவள் பக்கத்திலேயே உட்கார், எதிரணியில் எவள் எந்தப் பந்துக்கு ஏமாறுவாள் என்று நான்கு வருடமாகத் தெரிந்தவள் நீ, அதை அவள் காதில் ஓது. அவள் கையைப் பார்த்துக்கொண்டே இரு, முகம் சுளித்தாள் என்றால் ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் எழுந்து போய் ஹாஸ்கெலிடம் சொல், கின்ஸ்லி சொல்லாதே என்று கெஞ்சினாலும் சொல். தோற்றால் தோற்கட்டும். அந்தப் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கும் எங்கேயோ ஒரு அப்பன் வாளியில் உட்கார்ந்திருப்பான், அவனும் என்னைப்போல முட்டாளாக இருந்தால் நீயாவது குறுக்கே நில்.

இப்போது நான் என்ன செய்திருக்கிறேன் என்று கேள். இன்று காலை, அங்கே நாங்கள் தங்கப் பதிவு செய்திருந்த ஹோட்டல் அறையை ரத்து செய்தேன். கூட்டுறவுக் கிடங்குக்குப் போய், சனிக்கிழமை யாரும் வரவேண்டாம், ப்ரின் ஆடவில்லை என்றேன். ஏன் டுவெய்ன், கை இன்னும் சரியாகலியா என்று கேட்டார்கள். கை சரியாகிக்கொண்டுதான் இருக்கிறது, அவளுக்கு இன்னும் ஒரு வருடம் பாக்கி இருக்கிறது, காகிதம் போட்டிருக்கிறாள், நான்தான் புரியாமல் கெடுக்கப் பார்த்தேன் என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். பழைய டிராக்டர் விற்கிற லோனி மட்டும், "அப்ப காகிதத்துக்குப் பின்னால ஒளியலாம்னு சொல்றியா?" என்று, ஏப்ரலில் நான் அங்கே பெருமையடித்த வார்த்தையையே எடுத்து என்மேல் போட்டான். ஆமாம், ஒளியலாம் என்றேன். காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆகவே சனிக்கிழமை நாங்கள் வரவில்லை, ப்ரின். நானும் வரவில்லை, அம்மாவும் வரவில்லை. வழியனுப்புவது போகிறவர்களுக்கு, நீ எங்கேயும் போகவில்லை. நடக்கிறவர்கள் பட்டியலில் இருந்து உன் பெயரை எடுத்துவிடும்படி உன் வாயால் ஹாஸ்கெலிடம் சொல். நீ ஆடிய ஒரு வழியனுப்பு நாளுக்கும், பள்ளிக்கூடத்திலும் சரி கிளப்பிலும் சரி, நான் வராமல் இருந்ததில்லை என்று உனக்குத் தெரியும், அதனால்தான் வண்டிச் சாவியை அம்மாவிடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அன்று அந்த வேலிக்குப் பின்னால் நீ எவ்வளவு தேடினாலும் என் தொப்பி தெரியாது. பார்ப்பதற்கு நான் இல்லை என்றால் எனக்காக எறிய வேண்டியதும் இல்லை. அதற்கப்புறமும் உனக்கே எறியவேண்டும் என்று இருந்தால் அது உன் கை, உன் வருடம், நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்காக வேண்டாம்.

நன்றாகச் சாப்பிடு, பரீட்சைக்கு முன்னால் வெறும் காபியோடு போகாதே. ஆண்டவர் உன் எலும்பைக் கூட்டி வைத்து உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும், அம்மா உன் நெற்றியில் முத்தம் கொடுத்ததாக எழுதச் சொன்னாள். மறக்காமல் ஆஸ்ட்ராண்டர் அம்மாளை இது கிடைத்ததுமே நேரில் போய்ப் பார்த்து, சனிக்கிழமை இறங்கவில்லை என்று சொல்லிவிடு. கையில் வலி இருந்தால் முதலில் மருத்துவரிடம் சொல், எனக்கு அப்புறம் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
சனிக்கிழமை முழுக்க வீட்டிலேயே இருக்கப்போகிற உன் அப்பா,
டுவெய்ன் கோலார்